தாழ்ப்பாள் இருந்த பக்கம்

எலக்ட்ரிக் கிட்டாருக்கு மரமே முக்கியமில்லை, கம்பிக்குக் கீழே இருக்கும் காந்தச் சுருள்தான் எல்லாம் என்று ஒரு கட்சி, மரம்தான் குரல், மற்றதெல்லாம் ஒப்பனை என்று இன்னொரு கட்சி, இரண்டும் இணையத்தில் வருடக்கணக்காக முட்டிக்கொள்வதை ரெஜினா பார்த்திருக்கிறாள், இரண்டிலும் எல்லாரும் ஆண்கள், ஒருத்தனுக்காவது தோள் வலிப்பதாகத் தெரியவில்லை. வலிப்பது அவளுக்கு. இடது பக்கம், கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில், முப்பது வருடமாகக் கிட்டார்ப் பட்டை அழுத்தி ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது, அந்தப் பள்ளத்தில் இப்போது பட்டறை ஏசியின் காற்று நேராக வந்து இறங்குகிறது. மரம் ஈரம் இழுக்கக்கூடாதாம், அதனால் மரத்துக்கு ஏசி. அரியமங்கலம் தொழிற்பேட்டையில் மனுஷனுக்கு மின்விசிறியே ஒழுங்காக ஓடாத கொட்டகைகளுக்கு நடுவில் மரம் மட்டும் சொகுசாகக் கிடக்கிறது. கிடக்கட்டும், யாராவது ஒருத்தராவது சொகுசாகக் கிடக்கட்டும். கிட்டார் செய்கிற ஷாநவாஸ் மேசைமேல் இரண்டு பலகைகளை வைத்திருந்தான், சிவப்பாக மகோகனி, வெளுப்பாக மலைவேம்பு. கிட்டாரின் கழுத்துக்கு மேப்பிள், விரல்பலகைக்கு ஈட்டி மரம் என்று தொலைபேசியிலேயே முடிவாகிவிட்டது. "உடம்பு மட்டும்தான் பாக்கி மேடம், அத நீங்க நேர்ல வந்து தொட்டுப் பாத்துத்தான் சொல்லணும்" என்றிருந்தான், அதற்காகத்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெட்டிவிடுவான், சாயங்கால ரயிலில் அவள் திரும்பிவிடுவாள். உடம்பு என்கிறான், எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான். இதுவரை அவள் வாசித்த கிட்டார் ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தன் உடம்புக்குச் செய்தது, யாரோ ஒருத்தன் வாசித்துச் சலித்து விற்றது. மேல்விளிம்பு மார்பில் இடிக்கும், எடை இடுப்பை இழுக்கும், ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை, "லேடி கிட்டாரிஸ்டா, ஆச்சரியமா இருக்கே" என்பதோடு சரி. நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அவளுடைய அளவுக்கு, அவளுடைய விலா எலும்புக்கு, அவள் சொல்கிற மரத்தில் ஒன்று. அவள் சொல்கிற மரத்தில். அவ்வளவுதானே கேட்டாள், அதிலும் வந்து மூக்கை நுழைக்க வேண்டுமா?

மூக்கை நுழைத்தவன் அவள் தம்பி அமலன். அவன் இன்னும் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறான், கதவோடு வந்துகொண்டிருக்கிறான். பாலக்கரை வீட்டை இடித்துவிட்டு அவன் புதிதாகக் கட்டப்போகிறான், இடிக்கட்டும், அதற்கு அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. ஆனால் இடிக்கும் முன் அப்பா அறையின் கதவைக் கழற்றி வைத்திருக்கிறான், பழைய பர்மா தேக்கு, இரண்டு அகலப் பலகை சேர்த்த ஒற்றைக் கதவு. நேற்று ராத்திரி அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, 'அக்காவின் புதிய கிட்டார் அப்பாவின் கதவிலிருந்து, இனி அப்பா எல்லா மேடையிலும் அக்காவோடு' என்று எழுதியும் விட்டான். ஷாநவாஸிடம் பேசிவிட்டானாம், தேக்கிலும் செய்யலாமாம், எடைதான் கூடுமாம். அவளிடம் பேசவில்லை. அவளுக்கு ஆச்சரியம் கொடுக்கிறானாம். காலையில் ரயிலிலிருந்து இறங்கும்போது குழுவில் இதயமும் கைகூப்பலும் மழையாகக் கொட்டிக்கிடந்தன, அத்தை ஜெபமாலைப் படம் போட்டிருந்தாள், துபாய்ப் பெரியப்பா மகன் கண்ணீர் விடுகிற பொம்மை. எல்லாருக்கும் கண்ணீர் வருகிறது, எவ்வளவு மலிவாக வருகிறது இவர்களுக்குக் கண்ணீர். அப்பா எல்லா மேடையிலும் அக்காவோடு. மேடைக்குப் போகக்கூடாது என்றுதானய்யா அந்தக் கதவைச் சாத்தினார். இதை அந்தக் குழுவில் தட்டச்சு செய்தாள், செய்துவிட்டு அழித்தாள், மறுபடி செய்து மறுபடி அழித்தாள், கடைசியில் யாருக்கும் எதுவும் அனுப்பாமல் ஆட்டோவில் ஏறினாள். ஏன் அழித்தாள்? அப்பா போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்பதாலா, செத்தவரைப் பேசக்கூடாது என்பதாலா? செத்தவர் மட்டும் கதவு வழியாக வந்து அவள் மடியில் உட்கார்ந்துகொள்ளலாமாக்கும்.

"இத ஒருதரம் தூக்கிப் பாருங்க மேடம்" என்று ஷாநவாஸ் மலைவேம்பை நீட்டினான். தூக்கினாள், ஒன்றுமில்லாத மாதிரி வந்தது, தோள்பள்ளம் சந்தோஷப்பட்டது. "எடை கம்மி. பிளைவுட்டுக்குப் போற மரம்னு சிலபேரு மூஞ்சியச் சுளிப்பாங்க. மகோகனின்னா மரியாத. ஆனா எனக்கு இது புடிக்கும்" என்றவன் இரண்டு விரலால் பலகையின் ஓரத்தைக் கிள்ளித் தொங்கவிட்டு மற்றக் கையின் முட்டியால் நடுவில் தட்டினான், டொக். காதைக் கிட்டே கொண்டுபோய் மறுபடி டொக். மரத்தை முட்டியால் தட்டுகிற சத்தம் அவளுக்குத் தெரியும், தெரிந்தவர்களிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும், எந்தக் கட்சிக்காரனும் அவளுக்கு அதில் பாடம் நடத்த முடியாது. பர்மா தேக்குக் கதவை நடுவில் தட்டினால் தொண்டை கட்டினவன் இருமுகிற சத்தம், கீல் பக்கம் தட்டினால் செத்த சத்தம், மேலே தலைக்கு ஒரு சாண் உயரத்தில் மட்டும் ஒரு இடம் உண்டு, அங்கே தட்டினால் மணி மாதிரி கேட்கும், தெருவரைக்கும் கேட்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு கோடைவிடுமுறை பிடித்தது.

பத்தொன்பது வயது. அம்மா போய்ச் சில வருடம். கிட்டார் வாங்கிக் கொடுத்ததே அப்பாதான், செபஸ்தியான் சார், கூட்டுறவு வங்கிக் கணக்காளர், மாதா கோயில் பாடற்குழுவில் ஆர்மோனியம். மகள் குழுவில் கிட்டார் வாசித்தால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எடுப்பாக இருக்கும் என்று வாங்கிக் கொடுத்தார். பூசைக்கு எடுப்பாகத்தான் இருந்தது. அதே விரல்கள் ஸ்டீபன் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டாரைத் தொட்டதும், கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் வாசித்ததும், வேனில் ஆம்பிளைகளோடு விடியற்காலை வந்து தெருமுனையில் இறங்கியதும் எடுப்பாக இல்லை. சத்தம்கூடப் போடவில்லை அப்பா. சத்தம் போடாத மனுஷன், அதுதான் அவருடைய பெருமை. கிட்டாரைக் கொண்டுபோய்ப் பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்தார், தன்னுடைய அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார், அதில்தான் குளியலறை உள்ளேயே இருந்தது, வசதி. காலையில் வங்கிக்குப் போகும்போது வெளியே தாழ்ப்பாள், மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து திறப்பார், மறுபடி தாழ்ப்பாள். பூட்டு கிடையாது. "பூட்டு எதுக்கு, நாம என்ன மிருகமா, சும்மா தாழ்ப்பாள்தான், தம்பி வெளியதான இருக்கான், தண்ணி கிண்ணி வேணும்னா ஜன்னல்ல கேளு" என்றார். பூட்டுப் போடவில்லை என்பதைச் சாகும்வரைக்கும் சொன்னார், ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, "உன்ன நான் பூட்டி வக்கலம்மா" என்றார், அவள் ஆமாப்பா என்றாள், சொல்லித்தொலைத்தாள், ஆரஞ்சுச் சாறும் கொடுத்தாள். ஏன் சொன்னாள்? அந்த ஆமாப்பா இன்னும் தொண்டையில் நிற்கிறது. கிட்டார் இல்லாத அந்த அறையில் விரல் மரத்துப்போய்விடுமோ என்று பயந்தாள், சிறைக்குப் பயப்படவில்லை, அப்பாவுக்குப் பயப்படவில்லை, விரலுக்குத்தான் பயந்தாள். ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸ் முள்ளால் கதவின் உள்பக்கத்தில் ஆறு கம்பிக்கு ஆறு கோடு இழுத்தாள், குறுக்கே ஃபிரெட் கட்டைகளுக்குக் கோடு, அளவெல்லாம் மனப்பாடம், கிட்டாரின் முழுக் கழுத்து. நின்றுகொண்டு, கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, இடதுகை விரல்களை அந்தக் கோடுகளில் ஓட்டினாள், ஒரு கோடை முழுக்க. ஒரு பயலுக்கும் கேட்காத வாசிப்பு. இன்றைக்கு அவள் வாசிக்கிற எதுவும் அதைவிடச் சுத்தமாக இருந்ததில்லை. தேக்கில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு கிட்டார் உண்டு என்று அமலனிடம் சொன்னால் அவனுக்குப் புரியுமா?

அது ஒன்றுதான் ஆசை காட்டியது. ஆட்டோவில் வரும்போதே அந்த நினைப்பு கோபத்துக்கு நடுவில் எலி மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. அந்தக் கோடுகள் இருக்கிற துண்டை மட்டும் வெட்டி எடுத்தால்? வார்னிஷ் போடாமல், அப்படியே, கோடு கோடாக, கிட்டாரின் முகத்தில்? அப்பாவோடு மேடை ஏற மாட்டாள், ஆனால் அந்தப் பத்தொன்பது வயதுக்காரியோடு ஏறலாமே, அவளை ஒருத்தரும் மேடைக்குக் கூட்டிப்போகவில்லையே. தோள் வலித்தால் வலிக்கட்டும். இப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது, அமலன் விரித்த வலையில் வேறு வழியாக வந்து விழுகிறோமோ என்று, அவனுக்குக் கடைசியில் வெற்றி, குழுவில் இன்னும் இதயங்கள். வெளியே வண்டி பின்னால் எடுக்கிற பீப் பீப் கேட்டது. ஹார்ன் இல்லை, பீப்தான், ஆனாலும் அவள் காதில் விழுந்தது வேறு. வேன் ஹார்ன். ஸ்டீபன் மாஸ்டரின் வேன், சிங்கப்பூர் கச்சேரிக்கு ஆள் எடுக்கிற தேர்வுக்குச் சென்னை போகிற வேன், தெருமுனையில் நின்று அடித்த ஹார்ன். அன்றைக்கு அவள் கதவை, அன்றைக்கு அந்த மணிச்சத்த இடத்தை, வேண்டாம், அது வேண்டாம், மரத்தைப் பார்.

அமலன் உள்ளே வந்தான், பதினைந்து வயதில் இருந்த அதே சிரிப்பு, அதைச் சுற்றி இப்போது நாற்பத்து நாலு வயதுச் சதை. கதவின் ஒரு முனையை அவனும் மறுமுனையை வண்டிக்காரரும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "எப்டி இருக்கு பாருக்கா!" கதவு பளபளவென்று இருந்தது. புதுசு மாதிரி இருந்தது. அவள் கிட்டே போனாள். கீல் இருந்த வெட்டைப் பார்த்து எது உள்பக்கம் என்று தெரிந்துகொண்டாள், குனிந்தாள், கையை வைத்தாள், தடவினாள். வழவழவென்று இருந்தது. மேலே தடவினாள், கீழே தடவினாள், கண் தெரியாதவள் மாதிரி விரல்நுனியால் தேடினாள், அந்த விரல்களுக்கு இடம் தெரியும், இடத்தில் ஒன்றுமில்லை. "இதென்னடா?" "நேத்தே நம்ம ஆசாரிகிட்ட குடுத்து ரெண்டு பக்கமும் இழைச்சிட்டேன்க்கா. உள்பக்கம் ஒரே கீறலா கெடந்துச்சு, யாரோ சின்னப் புள்ளைங்க கிறுக்கின மாதிரி. அசிங்கமா இருந்துச்சு." ஷாநவாஸ் அளவுகோலை வைத்துப் பார்த்து, "கனம் ஒன்றரை இஞ்சுதான் தேறும் சார், இழைக்காமக் கொண்டாந்திருக்கலாம், மேல ஒரு தகடு ஒட்டணும்" என்றான். அசிங்கமா இருந்துச்சு. இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்திருக்கிறான், அந்த அறையில் படுத்திருக்கிறான், கதவை உள்ளே சாத்தும்போது அது கண்முன்னால்தான் இருந்திருக்கும், ஆறு கோடு, ஒரு நாளாவது இது என்ன என்று நினைத்திருப்பானா, கிட்டார் வாசிக்கிறவளின் தம்பி. கெட்டவனாக இருந்தால் நன்றாக இருக்கும். கெட்டவனாக இருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு ரயில் ஏறிவிடலாம். இவன் நல்லவன், அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன், ஆயிரம் வேலைக்கு நடுவில் அக்காவுக்காகக் கதவைக் கழற்றியவன், நல்லவனாகவே இருந்து நல்லவனாகவே இழைத்துத் தள்ளிவிட்டான், ஆசாரி கடையில் சுருள் சுருளாகக் கிடந்திருக்கும், கூட்டி வாரி அடுப்பில் போட்டிருப்பார்கள். பேசினால் குரல் உடையும், உடைந்தால் இவன் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வான், குழுவில் போடுவான். அதனால் அவள் பல்லைக் கடித்தாள், கடைவாய்ப்பல் வலித்தது.

"சத்தம் எப்டின்னு பாத்துருவோம். சார், நட்டமா நிறுத்திப் புடிங்க" என்றான் ஷாநவாஸ். அமலன் கதவை நிமிர்த்தி அதன் பின்னால் நின்று பிடித்துக்கொண்டான், அவன் மறைந்துபோனான், நிலை இல்லாமல், சுவர் இல்லாமல், பட்டறைக்கு நடுவில் ஒரு கதவு மட்டும் நின்றது. உள்பக்கம் அவள். ஷாநவாஸ் அவள் பக்கத்தில் நின்று முட்டியை மடக்கித் தட்டினான், டொக் டொக் டொக். தொண்டை கட்டினவன் இருமல். கொஞ்சம் மேலே, தலைக்கு ஒரு சாண் உயரத்தில், டொக் டொக் டொக், அதே மணி. அவ்வளவு இழைத்தும் அது போகவில்லை. அப்போது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. டொக் டொக். இரண்டு. பிறகு ஒரு சிரிப்பு, பிறகு கதவின் ஓரத்தில் அமலனின் தலை, கண்ணெல்லாம் பளபளக்க. "ஞாபகம் இருக்காக்கா? நீ உள்ளேருந்து தட்டுவ, நான் வெளியேருந்து ரெண்டு தட்டுவேன். லீவு பூரா நமக்கு அதான வெளாட்டு!"

விளையாட்டு. அன்றைக்கு வேன் ஹார்ன் அடித்தது. முதல் ஹார்னுக்கு அவள் கட்டிலில் இருந்தாள், இரண்டாவதுக்குக் கதவில் இருந்தாள், அமலா, அமலா, வேன் வந்துருச்சுடா, தெறந்துவிடுடா, ஒரே ஒரு தடவ, அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், மணிச்சத்த இடத்தில் உள்ளங்கையால் அடித்தாள், முட்டியால் அடித்தாள், முட்டி தோல் உரிந்தது. அவன் அங்கேதான் இருந்தான். மூச்சு கேட்டது. செருப்பு தரையில் உரசியது கேட்டது. மூன்றாவது ஹார்ன் நீளமாக அடித்து ஓய்ந்து வேன் கிளம்பியபோது கதவின் மறுபக்கத்தில் மெதுவாக, ரொம்ப மெதுவாக, டொக் டொக். நான் இருக்கேன்க்கா என்கிற மாதிரி. இதை அவள் இத்தனை வருடமும் எப்படி வைத்திருந்தாள் என்றால், பாவம், சின்னப் பையன், அவனால் முடிந்தது அவ்வளவுதான் என்று வைத்திருந்தாள். கோபத்தில் அப்பாவுக்கு மட்டும்தான் இடம் இருந்தது, அதனால் எல்லாவற்றையும் அப்பாமேல் போட்டு இவனுக்கு மன்னிப்பைச் சும்மா கொடுத்திருந்தாள், அவன் கேட்கக்கூட இல்லை. கேட்கவேண்டும் என்றே அவனுக்குத் தெரியவில்லை. அவன் ஞாபகத்தில் அது விளையாட்டு.

"அமலா" என்றாள். குரல் உடையவில்லை, அது அவளுக்கே வியப்பாக இருந்தது. "தாழ்ப்பா எந்தப் பக்கம்டா இருந்துச்சு?"

"எந்தத் தாழ்ப்பா? ஓட்டைய மெழுகு வச்சு அடைச்சாச்சுக்கா, தெரியாது."

"எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேட்டேன்."

அவன் கதவைப் பார்த்தான், தன் பக்கத்தைப் பார்த்தான். "இந்தப் பக்கம்."

"உனக்கு எட்டுமா, எட்டாதா?"

ஷாநவாஸ் மலைவேம்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான், துடைக்க அதில் ஒன்றுமில்லை. அமலனின் முகத்திலிருந்து சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை, வாயில் கொஞ்சம் மாட்டிக்கொண்டு நின்றது, அதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, இருந்தும் பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை. எத்தனை பேச்சு வைத்திருந்தாள் இவனுக்கு, ரயிலில் ஒரு பேச்சு, ஆட்டோவில் ஒரு பேச்சு, அப்பாவைப் பற்றி, குழுவைப் பற்றி, கேட்காமல் செய்கிற நல்லதைப் பற்றி, எல்லாம் எங்கே போயிற்று, ஒரு தாழ்ப்பாளில் வந்து நின்றுவிட்டது.

"எட்டும்" என்றான். கதவின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "பயமா இருந்துச்சுக்கா" என்றான்.

"எனக்குந்தான்" என்றாள். "உள்ள."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான், விட்டால் விழுந்துவிடும். போய் ஒரு கை பிடிக்கலாம். எத்தனையோ பிடித்திருக்கிறாள், அவன் கல்யாணத்துக்குப் பிடித்தாள், அப்பாவைக் குளிப்பாட்டப் பிடித்தாள். போகவில்லை. கோபம் இன்னும் அப்படியே இருந்தது, ஆனால் முதல்முறையாக அது சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்திருந்தது, அதனால் அதைச் சுமப்பது அவ்வளவு சிரமமாக இல்லை. "இத எடுத்துட்டுப் போ. உன் புது வீட்டுல மாட்டு" என்றாள். "மாட்டறப்ப வெளிப்பக்கம் தாழ்ப்பா வைக்காத. உனக்கும் பொண்ணு இருக்கு." அமலன் தலையை ஆட்டினான். அவன் வண்டிக்காரரைக் கூப்பிட்ட குரல் பதினைந்து வயதுக் குரலாக இருந்தது.

கதவு போனதும் பட்டறை பெரிதானது மாதிரி இருந்தது. ஷாநவாஸ் தொண்டையைச் செருமினான், அட்டை அச்சை எடுத்தான், பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான், எந்தப் பலகைமேல் வைப்பது என்று கேட்காமல் நின்றான். அவள் மலைவேம்பைத் தன் பக்கம் இழுத்தாள், மார்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள், விலாவில் எங்கே வளைவு வேண்டும் என்று விரலால் காட்டினாள், இங்கே, இன்னும் உள்ளே, இன்னும் கொஞ்சம். அவன் குறித்துக்கொண்டான். குறித்துவிட்டு, பிறகு குறை சொல்லக்கூடாதே என்கிற தொழில்காரனின் பயத்தோடு, "ஒண்ணு சொல்லிர்றேன் மேடம். இது மிருதுவான மரம். எவ்வளவு பாலிஷ் போட்டாலும், நகம் பட்டாக்கூடக் கீறல் விழும்" என்றான்.

"விழட்டும்" என்றாள் ரெஜினா. "எவனும் இழைக்காம இருந்தாச் சரி."